ஏஞ்சல் காசில் ஒரு கண்ணீர்ப் புள்ளி

தங்கத்தில் அடித்த உண்மை அழியாது. அரசர்கள் போவார்கள், அரண்மனைகள் இடியும், ஆனால் சம்மட்டியின் ஒரே அடியில் பதிந்த புள்ளி ஐந்நூறு வருடம் மண்ணுக்குள் கிடந்தாலும் அப்படியே இருக்கும். பொய்யனைப் பார்த்து என்றாவது ஒருநாள் அது விரல் நீட்டியே தீரும்.

முந்தின நாள் விருந்தில் துப்பறிவாளர் ஆஸ்வால்ட் ஃபென்விக் இப்படித்தான் முழங்கினார். புள்ளி விரல் நீட்டும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் தானே நீட்டினார். நீட்டிய விரலுக்கு எதிரே மிஸ் லாவினியா கிரிம்ஷா ஆட்டிறைச்சியை வெட்டிக்கொண்டிருந்தார். கத்தி அப்படியே நின்றது. முகம் காது வரைக்கும் சிவந்தது.

"பார்த்தீர்களா?" என்றார் ஃபென்விக் சபையைப் பார்த்து. சபையும் பார்த்தது.

ஷ்ரூஸ்பரியில் இருக்கும் செவர்ன்கரை நாணயக் கழகத்தின் ஆண்டு விருந்து அது. சம்மட்டியால் அடித்த பழைய தங்கக் காசுகள்தான் அந்தக் கழகத்தாருக்கு உயிர். கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, நடுவில் தங்க வில்லை, ஓங்கி ஓர் அடி. அந்தக் காலத்துக் காசு பிறந்தது அப்படி. அச்சு தேய்ந்தால் புதிதாக ஒன்றைச் செதுக்குவார்கள். புதியதில் ஒரு புள்ளி கூடும், ஒரு ரோஜா இதழ் குறையும். மற்றவர்கள் அதைக் கவனக்குறைவு என்பார்கள். கழகத்தார் அதற்கு அச்சுபேதம் என்று பேர் வைத்து, பேரைச் சொல்லும்போதெல்லாம் மூச்சை உள்ளே இழுப்பார்கள்.

அச்சுபேதங்களுக்கெல்லாம் சிகரம், கழகத் தலைவர் ஆம்ப்ரோஸ் பென்ஹாலோவிடம் இருந்த ஏஞ்சல் காசு. இங்கிலாந்து மன்னர் ஏழாம் ஹென்றி காலத்தது. ஏஞ்சல் காசு என்றால் ஒரு முகத்தில் சிறகு விரித்த தேவதூதரும், அவர் காலடியில் டிராகனும், டிராகனின் வாயில் ஈட்டியும் இருக்கும். உலகத்து டிராகன்கள் எல்லாம் கம்மென்று குத்து வாங்கிக்கொண்டன. பென்ஹாலோவின் டிராகன் மட்டும் அழுதது. கண்ணுக்குக் கீழே கடுகில் கால்வாசி அளவுக்கு ஒரு துளி. அந்த ஹென்றியிடம் தோற்றுப்போன அரச வம்சத்துக்காக அச்சு செதுக்கிய கலைஞன் இரகசியமாக விட்ட கண்ணீர் அது என்று பென்ஹாலோ தடித்த புத்தகம் ஒன்று எழுதினார். முன்னுரை எழுதியவர் ஃபென்விக். 'அந்தத் துளியை லென்ஸில் கண்டபோது, முப்பது வருடம் குற்றவாளிகளை மட்டுமே பார்த்துப் பழகிய என் கண்ணும் கலங்கியது' என்பது முன்னுரையின் முதல் வரி.

விருந்தில் காசு இருந்த வெல்வெட் தட்டைத் திறந்தபோது டிராகன் அழவில்லை.

புகைப்படம் எடுக்கவென்று காசை வாங்கிப் போய், அன்று காலை நேராகத் தட்டில் கொண்டுவந்து வைத்தவர் மிஸ் கிரிம்ஷா. ஊரில் நாணயக் கடை வைத்திருப்பவர். ஃபென்விக் கணக்குப் போட்டார். அசலைப் பதுக்கிக்கொண்டு சாதாரண ஏஞ்சல் ஒன்றைத் தட்டில் வைத்துவிட்டார். சாட்சி, அந்தச் சிவந்த முகம். மிஸ் கிரிம்ஷா இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. புட்டிங் வருவதற்குள் எழுந்து போய்விட்டார்.

நாட்டிலுள்ள நாணய வியாபாரிகள் அனைவருக்கும் இன்று பென்ஹாலோவின் எச்சரிக்கை போகப் போகிறது. போய்விட்டால் மிஸ் கிரிம்ஷாவிடம் ஒரு செப்புக் காசைக்கூட யாரும் வாங்கமாட்டார்கள். அதற்குள் அசல் காசு எங்கே இருக்கிறது என்று ஃபென்விக் கண்டுபிடித்தாக வேண்டும்.

அதற்காகத்தான் மிஸ் கிரிம்ஷாவின் கடைக்கு எதிரே, மழையில், பழைய மினி காரில் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இருக்கையில் உதவியாளர் ட்ரூடி, அவர் கொடுத்த ரொட்டியோடு போராடிக்கொண்டிருந்தாள்.

"பாஸ், இது மார்மலேட்டா, இல்ல கண்ணாடி ஒட்டற பசையா? மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பிரிய மாட்டேங்குது."

"ஆரஞ்சுத் தோல் போட்டு நானே காய்ச்சினது. கழகத்துல எல்லாருக்கும் கிறிஸ்துமஸுக்கு ஆளுக்கு ஒரு ஜாடி. இத்தனை வருஷத்துல ஒருத்தரும் ஒரு குறை சொன்னதில்ல."

"நல்லா இருக்குன்னு ஒருத்தராவது சொன்னாங்களா?"

ஃபென்விக் அந்தக் கேள்வியை விசாரணைக்குத் தேவையற்றது என்று ஒதுக்கினார். பையிலிருந்து ஒரு சின்ன உறையை எடுத்தார். அவர் கணக்குப்படி மாற்றி வைக்கப்பட்ட காசு அதற்குள் இருந்தது. பென்ஹாலோவின் புத்தகம் ட்ரூடியின் மடியில் இருந்தது. அவள் அதில் பக்கம் தெரிவதற்காகப் போன வருட விருந்தின் மெனு அட்டையைச் செருகி வைத்திருந்தாள். அட்டையின் ஒரு பக்கம் சூப், ஆட்டிறைச்சி, புட்டிங். மறுபக்கம், கழகத்தின் பெருமையாக, அழுகிற டிராகனின் படம்.

"பாஸ், இந்த அட்டையில டிராகன் கொஞ்சம்..."

"அப்புறம். முதல்ல அந்தக் காசைப் புத்தகத்துப் படத்தோட பக்கத்துல வை."

வைத்தாள். கொஞ்ச நேரம் மென்றாள். மெல்லுவதை நிறுத்தினாள்.

"ரெண்டும் ஒண்ணா இருக்கே."

"இருக்கத்தானே செய்யும்? ஒரே மாதிரி அச்சு. தேவதூதரும் டிராகனும் அதே மாதிரிதான் விழும். இதெல்லாம் பழகினவங்களுக்குத்தான் புரியும், ட்ரூடி."

"படத்தைச் சொல்லல பாஸ். விளிம்பைச் சொல்றேன். இதோ, இங்க எலி கடிச்ச மாதிரி ஒரு குறை. புத்தகத்துலயும் எலி அதே எடத்துலதான் கடிச்சிருக்கு. சிறகுக்கு மேல ஒரு வெடிப்பு. இங்கயும் அதே வெடிப்பு. அச்சுதான் ஒரே அச்சு, சரி. வில்லையைக் கையாலதானே கத்தரிச்சாங்க? நூறு வில்லை கத்தரிச்சவன் அதுல ரெண்டுக்கு மட்டும் ஒரே மாதிரி விக்கல் எடுத்தானா?"

ஃபென்விக் லென்ஸை எடுத்தார். பார்த்தார். லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். காரணம் லென்ஸின் அழுக்கு இல்லை என்பது அவருக்கே தெரியும்.

காசை யாரும் மாற்றவில்லை. கையில் இருப்பதுதான் அசல். நாற்பது பேர் நடுவே அவர் திருடி என்று சொன்ன பெண், எடுத்துப்போன காசையே திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்.

நேற்று மிஸ் கிரிம்ஷா எழுந்து போன முதுகு ஃபென்விக்குக்கு ஞாபகம் வந்தது. கோட்டை மாட்டும்போது ஒரு கை அதன் கைக்குள் நுழையாமல் தடுமாறியது. உதவிக்கு யாரும் எழவில்லை. ஃபென்விக்கும் எழவில்லை. அப்போது அவர் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தார்.

"அப்ப கண்ணீர் எங்க போச்சு பாஸ்?" என்றாள் ட்ரூடி.

"அவங்களைத்தான் கேக்கணும்."

"என்னன்னு கேப்பீங்க? 'நேத்து உங்களைத் திருடின்னு சொன்னேன், இன்னிக்கு ஒரு சின்ன சந்தேகம்'னா?"

கடைக் கதவில் 'மூடப்பட்டுள்ளது' என்ற பலகை தொங்கியது. ஃபென்விக் தட்டினார். உள்ளே மிஸ் கிரிம்ஷா காசுத் தட்டுகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவர்களைப் பார்த்ததும் ஒதுங்கி வழி விட்டார்.

"தேடத்தானே வந்திருக்கீங்க? தேடுங்க. மேல மாடியில படுக்கையறை. பூனை கடிக்கும், பார்த்துக்கோங்க."

"மிஸ் கிரிம்ஷா," என்றார் ஃபென்விக். முப்பது வருடத் தொழிலில் குற்றம் சாட்டுவதற்கு விதவிதமான வாக்கியங்கள் வைத்திருந்தார். திரும்பப் பெறுவதற்கு ஒன்றுகூட இல்லை. "இது அதே காசுதான். நீங்க எதையும் மாத்தல. எனக்கு இப்பத்தான் தெரிஞ்சது."

மிஸ் கிரிம்ஷாவின் முகம் மலர்ந்திருக்க வேண்டும். மாறாக, வெளுத்தது.

"அப்படியெல்லாம் இல்ல," என்றார் அவசரமாக. "நான்தான் மாத்தினேன்."

ட்ரூடி புருவத்தைத் தூக்கினாள். "மேடம், நாங்க உங்களை விடுதலை பண்ண வந்திருக்கோம். நீங்க ஏன் உள்ள போறதுக்கு அடம் பிடிக்கிறீங்க?"

மிஸ் கிரிம்ஷாவின் முகம் நேற்று போலவே காது வரைக்கும் சிவந்தது. நேற்று அந்தச் சிவப்பைத் திருட்டு என்று ஃபென்விக் படித்தார். இன்று கொஞ்சம் நிதானமாகப் படித்தார். அது வெட்கம்.

எதற்கு வெட்கம்? காசு கையில் இருக்கிறது. கண்ணீர் இல்லை. ஃபென்விக் கடையைச் சுற்றிப் பார்த்தார். பின்கட்டில் சமையலறை, பாத்திரம் கழுவும் தொட்டி, அதை ஒட்டிய மேஜையில் காமிராவும் விளக்கும். அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை உரக்கச் சொல்லத் துணிச்சல் வரவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கழுவினீங்களா?"

மிஸ் கிரிம்ஷா பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கழகத்தில் கொலைகூட ஒருவேளை மன்னிக்கப்படும். காசைக் கழுவியவருக்கு மன்னிப்பு கிடையாது. காலம் படிய வைத்த மெருகைத் தொடக்கூடாது, விளிம்பைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும், காசு இருக்கும் மேஜைக்குத் தேநீர் வரக்கூடாது. புது உறுப்பினரின் பெயரைக் கேட்பதற்கு முன்பே இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள்.

"வேணும்னு செய்யல," என்றார் மிஸ் கிரிம்ஷா. "படம் எடுத்து முடிச்சுத் திரும்பினேன். முழங்கை பட்டுது. நேரா தொட்டிக்குள்ள. கொதிக்கிற வெந்நீர், சோப்பு, எண்ணெய்ச் சட்டி, எல்லாத்துக்கும் நடுவுல ஏழாம் ஹென்றி. எடுத்தேன். துடைச்சேன். துணியாலயே துடைச்சேன், மிஸ்டர் ஃபென்விக்."

கடைசி வரியைச் சொல்லும்போது அழுதுவிட்டார்.

"நேத்தே சொல்லியிருக்கலாமே மேடம்?" என்றாள் ட்ரூடி.

"எப்படிச் சொல்றது? திருடின்னா ஒரு நாலு வருஷம் பேசுவாங்க, அப்புறம் மறந்துடுவாங்க. இந்தத் தொழில்ல திருடினவங்க ரெண்டு பேரு இன்னிக்கும் கடை வெச்சிருக்காங்க. காசு கழுவினவ கிட்ட யாரு வருவா?"

"கண்ணீர் என்னாச்சு?" என்றார் ஃபென்விக்.

"வெளியே எடுக்கும்போது அது... இளகியிருந்தது. துணியோட வந்துடுச்சு. தங்கம் இளகாதேன்னு பார்த்தேன். உள்ள ஒரு துணுக்கு ஆரஞ்சுத் தோல்."

"மார்மலேட்டா?" என்றாள் ட்ரூடி. "அரச வம்சத்துக்காக அழுத அந்தக் கண்ணீரு? எப்படி மேடம் அவ்வளவு நிச்சயமா சொல்றீங்க? நக்கிப் பார்த்தீங்களா?"

மிஸ் கிரிம்ஷா தரையைப் பார்த்தார். "பார்த்தேன்."

"எப்படி இருந்தது?"

"கசப்பு. அப்படி ஒரு கசப்பை நான் சாப்பிட்டதே இல்ல."

"கடையில வாங்கின மட்டமான சரக்கா இருக்கும்," என்றார் ஃபென்விக்.

ட்ரூடி அவரைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அவளைத் தெரிந்த நாளாக முதல் தடவையாக, சொல்லாமல் மூடிக்கொண்டாள்.

"கழுவினது வெளிய போகாது," என்றார் ஃபென்விக் கதவருகே நின்று. "அது என் பொறுப்பு. பெட்டியைப் பிரிச்சு வைங்க, மிஸ் கிரிம்ஷா." மன்னிப்பு என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்து, வெளியே மழை பெய்வதைப் பார்த்துவிட்டு உள்ளேயே தங்கிவிட்டது.

பென்ஹாலோவின் வீடு ஆற்றைப் பார்த்த மேட்டில் இருந்தது. காலைச் சாப்பாட்டு அறையில் எச்சரிக்கைக் கடித உறைகளைக் குவித்து வைத்துத் தபால்தலை ஒட்டிக்கொண்டிருந்தார் தலைவர். தபால்தலையை நக்கும்போதும் அவர் முகத்தில் ஒரு கம்பீரம் இருந்தது.

"வாய்யா ஆஸ்வால்ட்! அந்தப் பொம்பளை ஒத்துக்கிட்டாளா?"

"தபாலை நிறுத்து ஆம்ப்ரோஸ். காசை யாரும் மாத்தல." விளிம்பில் இருந்த குறையைக் காட்டினார், வெடிப்பைக் காட்டினார். "இது உன் காசுதான். கண்ணீர் மட்டும் விழுந்துடுச்சு. அது கண்ணீரே இல்லய்யா. மார்மலேட்."

பென்ஹாலோ எழுந்து நின்றார். ஆறடி உயரம், வெள்ளை மீசை, பின்னால் மாட்டியிருந்த மூதாதையர் படத்திலும் அதே மீசை.

"என் வாழ்நாள் ஆராய்ச்சியைப் பார்த்து ரொட்டிக்குத் தடவுற பண்டம்னு சொல்றியா? ஐந்நூறு வருஷம் முன்னாடி ஒரு கலைஞன் மனசு ஒடைஞ்சு..."

"ஒரு நிமிஷம் சார்," என்றாள் ட்ரூடி. புத்தகத்தை மேஜையில் விரித்தாள். பக்கத்தில் மெனு அட்டையை வைத்தாள். "கார்ல சொல்ல வந்தேன், பாஸ் விடல. புத்தகத்துல கண்ணீர் எங்க இருக்கு? இமையை ஒட்டி. போன வருஷ அட்டையில? கன்னத்துல. அச்சுல விழுந்த புள்ளி அடிச்ச எடத்துலதானே கிடக்கும்? இது ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமா நடந்து போகுது. இன்னும் ரெண்டு விருந்து போனா மூக்கு நுனியில நிக்கும். அப்ப சளி பிடிச்ச டிராகன்னு இன்னொரு புத்தகம் போடலாம்."

பென்ஹாலோ அட்டையைப் பார்த்தார். மெதுவாக உட்கார்ந்தார். மீசையின் இரண்டு முனைகளும் ஒரே நேரத்தில் தளர்ந்தன.

"முதல் துளி எப்படி வந்ததுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது," என்றார். குரலில் கம்பீரம் இல்லை. "இதே மேஜையில ரொட்டி சாப்பிட்டுக்கிட்டே லென்ஸ்ல பார்த்தேன். இருந்தது. அழுதேன் ஆஸ்வால்ட், நெசமாவே அழுதேன். புத்தகம் வெளிவந்த அடுத்த மாசம் காசைத் தட்டுல வைக்கிறேன், துளி பிஞ்சு வெல்வெட்ல விழுது. நான் என்ன பண்ணட்டும்? எல்லாரும் வாழ்த்தி எழுதியாச்சு."

"அதனால?"

"ஒவ்வொரு விருந்துக்கும் முன்னாடி, தீக்குச்சி முனையால..."

அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை.

"இந்தத் தடவை காசு நேரா தட்டுக்கு வந்துடுச்சு. உனக்கு நேரம் கிடைக்கல," என்றார் ஃபென்விக். "அப்ப தட்டைத் திறந்ததுமே உனக்குத் தெரியும். காசு உன்னுதுதான்னு தெரியும். நான் அந்தப் பொம்பளையைப் பார்த்து விரல் நீட்டினேனே, அப்ப நீ எங்கய்யா பார்த்துக்கிட்டிருந்தே?"

"சூப்பை."

"சூப்பு கிண்ணம் எடுத்துட்டுப் போயாச்சு. ஆட்டிறைச்சி நடந்துக்கிட்டிருந்தது."

"கிண்ணம் இருந்த எடத்தை."

மூவரும் கொஞ்ச நேரம் அவரவருக்கு ஏற்ற இடத்தைப் பார்த்தார்கள்.

பிறகு பென்ஹாலோ மேஜை மேல் சாய்ந்து குரலை இறக்கினார். "ஆஸ்வால்ட், இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல. இன்னிக்கு ஒரு துளி வெச்சா நாளைக்குக் காஞ்சிடும். அசல் திரும்பக் கிடைச்சிடுச்சுன்னு சொல்லிடலாம். மனசு மாறி அவளே கொண்டுவந்து கொடுத்துட்டா, நாம பெருந்தன்மையா மன்னிச்சுட்டோம்னு முடிச்சிடலாம். உன் முன்னுரையும் பிழைச்சுக்கும்."

ஃபென்விக் யோசித்தார். உடனே மறுத்துவிட்டார் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அவர் யோசித்தார். கலங்கிய கண்ணைப் பற்றிய அந்த முதல் வரி நூலகத்தில் இருக்கிறது, லண்டனில் இருக்கிறது, அவருடைய சகோதரி வீட்டு வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. முன்னுரை பிழைக்கும் என்ற சொல் இனிப்பாகவே இருந்தது.

ட்ரூடி தபால்தலை ஒட்டிய உறைகளைத் தன் பக்கம் இழுத்து, அவற்றின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு அவரையே பார்த்தாள். அவள் கேலி பேசியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

கோட்டின் கைக்குள் நுழையாமல் தடுமாறிய அந்தக் கை மறுபடி ஞாபகம் வந்தது.

ஃபென்விக் அலமாரிப் பக்கம் போய் அதன் மேல் இருந்த தொலைபேசியை எடுத்துக் கழகச் செயலாளர் டாப்ஸனைக் கூப்பிட்டார். பென்ஹாலோ இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"டாப்ஸன், ஃபென்விக் பேசறேன். மிஸ் கிரிம்ஷா எதையும் திருடல. அது அதே காசுதான். எல்லாருக்கும் சொல்லிடுங்க. நான் சொன்னது தப்பு. தப்புன்னா... முட்டாள்தனம். அந்த வார்த்தையையே சொல்லுங்க. அடுத்த கூட்டத்துல எழுந்து நின்னு நானும் சொல்றேன், அவங்க முன்னாலயே." காதுகள் கொதித்தன. நேற்று அவர் இன்னொரு முகத்தில் பார்த்த நிறம் எப்படிச் சுடும் என்று இன்று தன் முகத்திலேயே தெரிந்தது.

"அப்ப கண்ணீர்?" என்று அலறியது தொலைபேசி. "கண்ணீர் எங்கே?"

"தானா விழுந்துடுச்சு. அடிக்கடி விழுமாம். யாரும் தொடல, யாரும் கழுவல." அந்தப் பொய்யை அவர் தயங்காமல் சொன்னார். அன்று காலை முழுவதும் அவர் சொன்னதில் நிமிர்ந்து நின்று சொன்ன வாக்கியம் அது ஒன்றுதான். "அது அச்சுல விழுந்ததே இல்ல டாப்ஸன். மார்மலேட்."

டாப்ஸன் நாற்பது வருடமாகக் காசு சேர்ப்பவர். பெரிய இடி விழுந்தாலும், இடியில் எத்தனை வகை என்றுதான் அவருக்கு முதலில் கேட்கத் தோன்றும்.

"என்ன ரகம்?" என்றார்.

"ரகமா? அது எனக்கு எப்படி..."

பின்னாலிருந்து ட்ரூடி இருமினாள். தொலைபேசிக்குப் பக்கத்தில், அதே அலமாரியில், ரொட்டித் தட்டுக்கும் உப்புக் குப்பிக்கும் நடுவில் ஒரு ஜாடி இருந்தது. மூடியின் மேல் ஒரே ஒரு தீக்குச்சி. ஜாடியில் ஒட்டியிருந்த காகிதத்தில் 'கிறிஸ்துமஸ் வாழ்த்துகளுடன்' என்று ஃபென்விக்கின் கையெழுத்து இருந்தது.

அவர் மூடியைத் திறந்து பார்த்தார். ஜாடி விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தது. தீக்குச்சி முனை அளவுக்கு ஓரத்தில் ஒரு குழி, அவ்வளவுதான் குறைந்திருந்தது.